‘ஹினான்’ என்றால் என்ன?

ஜப்பானில் படிக்கவும் வேலை பார்க்கவும் போகிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பூகம்பம் அங்கே அடிக்கடி வரும். வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள் அதற்கு எப்படித் தயாராகிறார்கள் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

1995 ஜனவரி 17, அதிகாலை 5.46 மணி. கோபே நகரைப் பூகம்பம் உலுக்கியது. 6,434 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இடிந்த வீட்டுக்கும் சாய்ந்த அலமாரிக்கும் அடியில் சிக்கியவர்கள். 1935-ல் கட்டிய கோபே பள்ளிவாசல், அல்ஹம்துலில்லாஹ், விழாமல் நின்றது. நகாதா பகுதியில் காலணித் தொழிலில் இருந்த வியட்நாமியர்கள் பலர் வீடிழந்து பூங்காவில் தங்கினார்கள். அறிவிப்புகள் வந்தன. ஆனால் ‘ஹினான்’ செய்யுங்கள் என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று அர்த்தம் என்பது, கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு மொழி கற்றவருக்குத் தெரியாது.

நமக்கு இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26-க்கு முன் ‘சுனாமி’ என்ற சொல் நம் கடற்கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் ஜப்பானியச் சொல்தான்.

கோபேக்குப் பிறகு ஹிரோசாக்கி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் ‘எளிய ஜப்பானிய மொழி’யை உருவாக்கினார்கள். ‘ஹினான்’ என்பதற்குப் பதில் ‘நிகெரு’, அதாவது ஓடித் தப்புவது. ‘யொஷின்’ என்பதற்குப் பதில் ‘பிறகு வரும் பூகம்பம்’. எல்லா மொழியிலும் மொழிபெயர்க்கலாமே என்று தோன்றும். முதல் 72 மணி நேரத்தில் அத்தனை மொழிபெயர்ப்பாளர்களை எங்கே தேடுவது? ஆனாலும் தாய்மொழியில் கேட்டால் வரும் தெம்பே வேறு. நகாதாவில் அதே ஆண்டில் கொரிய, வியட்நாமிய மொழிகளில் சிறு வானொலி தொடங்கினார்கள்.

கையேடு கொடுத்துவிட்டால் போதாது, உடம்பு பழக வேண்டும் என்பதே நம் எண்ணம். அங்கே தீயணைப்புத் துறையினர் பூகம்ப வண்டி கொண்டுவருகிறார்கள். அதற்குள் தரை குலுங்கும்; மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளப் பழகலாம். 1923 காந்தோ பூகம்பம் நடந்த செப்டம்பர் 1-ல் நாடெங்கும் பயிற்சி நடக்கும்.

உங்கள் பிள்ளை அங்கே இருந்தால் அடுத்த முறை போனில் கேளுங்கள். புகலிடம் எந்தப் பள்ளிக்கூடம்? அலமாரியைச் சுவரோடு பிணைத்தாயிற்றா? ஒரு நாளைக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாளுக்காவது தண்ணீர் இருக்கிறதா? புகலிடத்தில் தரும் சாப்பாடு ஹலாலா என்று அந்த நெருக்கடியில் விசாரிப்பது கடினம். தண்ணீர் ஊற்றினாலே சாப்பிடத் தயாராகும் உலர்சோறு ஹலால் முத்திரையோடு அங்கே கிடைக்கிறது. நாலைந்து பொட்டலம் வாங்கிப் பையில் போட்டு, வாசலருகே வைக்கச் சொல்லுங்கள்.