பெற்றோர் பூசலும் பிள்ளை மனமும்

இரவு நேரம். தந்தை தாயை அடிக்கிறார். பக்கத்து அறையில் பிள்ளை படுத்திருக்கிறது. "அது உறங்கிவிட்டது, அதற்கு ஒன்றும் தெரியாது" என்று இருவருமே நம்புகின்றனர். என் ஆசிரியப் பணியில் இவ்வாறு சொன்ன பெற்றோர் பலரைக் கண்டிருக்கிறேன். ஒன்றும் தெரியாத பிள்ளையைத்தான் கண்டதில்லை. குரல் உயரும் விதத்தைக் கொண்டே அடுத்து என்ன நிகழும் என்பதை அப்பிள்ளை கணித்துவிடுகிறது.

அச்சம் தோன்றும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி தூண்டப்படுகிறது. அட்ரினலின், கார்டிசால் ஆகியன மிகுதியாகச் சுரக்கின்றன, இதயத்துடிப்பு விரைவடைகிறது. இடர் நீங்கியதும் உடல் தணியும். இடர் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால் உடல் எப்போது தணிவது? 2011ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள், வீட்டில் வன்முறைக்கு ஆட்பட்ட சிறார்க்குச் சினமுற்ற முகங்களைக் காட்டி, அவர்தம் மூளையின் செயற்பாட்டை ஆராய்ந்தனர். ஏனைய சிறாரைவிட அவர்களிடம் அமிக்டலா மிகுதியாகக் கிளர்ச்சியுற்றது. போர்க்களம் கண்ட வீரர்களிடமும் இத்தகைய கிளர்ச்சி முன்னரே அறியப்பட்டிருந்தது.

சிறு குழந்தை மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கும். பள்ளிப் பிள்ளைக்குக் காரணமற்ற வயிற்றுவலி வரும். பாடத்தில் மனம் ஊன்றாது. அதனைச் சோம்பேறி என நாமும் எளிதில் சொல்லிவிடுகிறோம்.

இவற்றினும் கொடியது குற்றவுணர்வு. பள்ளிக் கட்டணம், மதிப்பெண், வாங்கித் தராத காலணி என ஏதேனும் ஒன்றில் பூசல் தொடங்கியிருக்கும். தன் பெயர் அடிபட்டதைக் கேட்ட பிள்ளை, 'என்னால்தான் அம்மா அடிபட்டாள்' என்று முடிவு செய்துகொள்கிறது. பின்னர்த் தாயைக் காக்கும் பொறுப்பையும் தானே ஏற்கிறது. என் மாணவன் ஒருவன் கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவேயில்லை. பணம்தான் தடை என எண்ணி நானே கட்டுவதாகச் சொன்னேன். நெடுநேரம் தலைகுனிந்து நின்றவன், "இரவு நான் வீட்டில் இல்லையென்றால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் ஐயா?" என்றான். அவனுக்கு வயது பதின்மூன்று.

'குடும்பச் சண்டையில் அயலார் தலையிடலாகாது' என்னும் வழக்கம் நம்மிடையே உண்டு. சட்டம் அதனை ஏற்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணிடம் பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைக்க இச்சட்டத்தின்கீழ் நடுவர் ஆணையிடலாம்.

மாணவர்களே, அடிதடி நிகழும்போது இடையில் புகாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குச் சென்று உதவி கோருங்கள். சிறார்க்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் இரவிலும் இயங்குகின்றன. நண்பரோ தோழியோ தம் வீட்டுத் துயரை உங்களிடம் சொன்னால், குறுக்கிடாமல் முழுதும் கேளுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் வேண்டினாலும், நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடம் அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.