"என்ன ஆச்சு, சொல்லுடா!" – கேட்கலாமா?

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தால், அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் வந்த அன்னைக்கே சுத்தி நின்னு, "நீ பாத்தியா, என்ன ஆச்சு?" என்று துருவுகிறோம். வாய்விட்டுச் சொன்னா மனப்பாரம் குறையும் என்று நினைப்பு.

உளவியல் படித்தவர்களே முன்பு அப்படித்தான் நம்பினார்கள். 1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்பு வீரர் போன்றவர்களைச் சம்பவம் நடந்த சில நாளுக்குள் உட்கார வைத்து, பார்த்ததைப் பேச வைக்கும் முறையைச் சொன்னார். அது பிறகு விபத்தில் அடிபட்டவர்களுக்கும் பரவியது.

பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடமே இதைச் சோதித்தார்கள். முடிவு 1997-இல் வெளியானது. 13 மாதம் கழித்து, பேச வைத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு விபத்து நினைவு விடாமல் வாட்டும் நோய். பேச வைக்காதவர்களில் 9 சதவீதம்தான்! (பேச வைத்தவர்களுக்குக் காயம் கொஞ்சம் அதிகம், அதையும் சொல்லணும்.) பிறகு வந்த ஆய்வுகளிலும் பெரிய பலன் தெரியவில்லை.

2011-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டி, யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தாதே என்கிறது. பக்கத்துல இரு, தேவையானதைச் செய், அவங்களாச் சொன்னா காது கொடு. என் பார்வையில், விட்டுப்போன பாடத்தை நோட்டில் எழுதிக் கொடுப்பதும் இதில் சேரும்.

வாரக்கணக்கா தூக்கம் வராம, சின்ன சத்தத்துக்கும் நடுங்கினா டீச்சரிடம் சொல்லுங்க. டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது.