பாடசாலை முற்றத்தில் வளரும் பண்பு



ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியிருந்த காலம். வீடு சந்திக்கச் சென்ற நாம் ஒரு குடும்பத்தாரின் விறாந்தையில் அமர்ந்திருந்தோம். காய்ச்சலினால் இரண்டு கிழமையாகப் பாடசாலைக்கு வராதிருந்த தன் வகுப்புத் தோழனுக்குக் கொப்பி கொடுக்க வேண்டுமென்று மகன் கேட்டான். "சோதினை முடியுமட்டும் ஒருத்தருக்கும் கொப்பி குடுக்கிறேல்லை" என்று தாய் மறுத்துவிட்டார். பிள்ளை எம்மைப் பார்த்து, "சுவாமி, மறைக்கல்வி வகுப்பிலை நல்ல சமாரியனைப்பற்றிப் படிப்பிச்சனீங்கள்தானே?" என்றான்.

அத்தாயை நாம் குறைகூறவில்லை. அவருடைய அச்சம் வெறும் கற்பனையன்று. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் விரும்பிய பாடசாலையின் கதவு அடைபட்டுவிடும் என்பதை அவர் அறிவார். ஆயினும் அப்பிள்ளையின் கேள்விக்கு நாம் எல்லோரும் விடைகூறக் கடமைப்பட்டிருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் பிள்ளையைத் தோழனாகக் காண்பதா, போட்டியாளனாகக் காண்பதா? பாடசாலை இவற்றுள் எதைக் கற்பிக்கிறது?

பழகி வருவதே பண்பு

இரக்கம், பொறுமை, நேர்மை ஆகியவை பாடநூலை மனனம் செய்வதால் வருபவை அல்ல. கரையில் நின்று நீச்சல் பழக முடியாததுபோல, தனியே இருந்து அன்பு பழகவும் முடியாது. வீட்டிலே தாயும் தந்தையும் உடன்பிறந்தோரும் பிள்ளையை இயல்பாகவே நேசிக்கின்றனர். பாடசாலையிலோ, தான் தெரிந்தெடுக்காத ஒருவனோடு ஒரே வாங்கில் இருக்க வேண்டியிருக்கிறது. கடற்றொழிலாளியின் மகனும் ஆசிரியரின் மகனும், கத்தோலிக்கப் பிள்ளையும் சைவப் பிள்ளையும் அங்கே அருகருகே இருக்கின்றனர். உறவினர் அல்லாதவரையும் அயலவராக ஏற்பதற்குப் பிள்ளை பெறும் முதற் பயிற்சி இதுவே. 1965ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையும், சுதந்திரமும் அன்பும் நிலவும் ஒரு சமூகச் சூழலை உருவாக்குவதே கத்தோலிக்கப் பாடசாலையின் தனிச்சிறப்பு என்ற கருத்தை வலியுறுத்துகின்றது.

தூரின் நகரின் ஒரு முற்றம்

இதற்கு வரலாறு தரும் சிறந்த எடுத்துக்காட்டு புனித தொன் பொஸ்கோவின் இல்லமாகும். 1846ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில், வல்தொக்கோ என்னும் இடத்தில், ஓர் எளிய கொட்டிலில் அவர் தம் பணியை நிலைபெறச் செய்தார். வேலை தேடி நகரத்துக்கு வந்த ஏழைச் சிறுவரே அவருடைய மாணவர். செபமும் படிப்பும் தொழிலும் விளையாட்டும் அங்கே ஒன்றாகவே நடந்தன. அவருடைய தாயார் மார்கரீத்தா அம்மையார் சமைத்துக் கொடுத்தும் கிழிந்த உடைகளைத் தைத்துக் கொடுத்தும் அதை ஒரு வீடாக்கினார்.

1854ஆம் ஆண்டு அந்நகரில் வாந்திபேதி பரவியது. நோயாளரைத் தொடப் பலரும் அஞ்சிய வேளையில், தொன் பொஸ்கோவின் அழைப்பை ஏற்று மூத்த மாணவர் பலர் நோயாளருக்குப் பணிசெய்யப் புறப்பட்டனர். அந்தத் துணிவு ஒரே நாளில் பிறந்ததன்று. நாள்தோறும் அப்பத்தைப் பகிர்ந்தும், சிறியவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், சண்டையிட்டும் சமாதானமாகியும் வாழ்ந்த வாழ்வே அவர்களை அதற்குத் தயாராக்கியது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் அங்கே வந்து சேர்ந்தவர் தோமினிக் சாவியோ. கல்லெறிந்து சண்டையிட முனைந்த இரு மாணவருக்கு நடுவே பாடுபட்ட சுரூபத்தை ஏந்தி நின்று, முதற் கல்லைத் தன்மேல் எறியும்படி கேட்டு அவர்களைத் தடுத்தவர் அவர். 1856ஆம் ஆண்டு தோழர்களுடன் அவர் அமைத்த மாதா சபையின் உறுப்பினர், புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் குழப்படிகாரருக்கும் துணையாக இருக்கும் பொறுப்பை ஏற்றனர். 1857ஆம் ஆண்டு, பதினைந்து வயது நிறையுமுன்னரே, அவர் இறந்தார். 1954ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நமது பாடசாலைகளில்

இத்தகைய பயிற்சிக்கு நமது பாடசாலைகளிலும் இடமுண்டு. வகுப்பறையைக் கூட்டும் முறை வரும்போது வைத்தியரின் மகளும் விளக்குமாற்றை எடுக்க வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டியின் அஞ்சலோட்டத்தில் எவ்வளவு வேகமாக ஓடுபவனும் கோலைத் தோழனின் கையில் ஒழுங்காகக் கொடுத்தேயாக வேண்டும். சாப்பாடு கொண்டுவராத பிள்ளையோடு இடைவேளையில் பாணைப் பகிர்வதும், மாணவ முதல்வன் தன் நண்பனென்று பாராமல் நீதியாக நடப்பதும் பெரிய பாடங்களே.

ஆனால் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் மட்டும் நற்பண்பு வந்துவிடாது. பட்டப்பெயர் சூட்டி நகைப்பதும், எளியவனை ஒதுக்குவதும், தவறு செய்தவனைக் கூட்டமாகச் சேர்ந்து மறைப்பதும் அதே முற்றத்தில்தான் நடைபெறுகின்றன. இதனை நன்கறிந்த தொன் பொஸ்கோ, 1884ஆம் ஆண்டு உரோமையிலிருந்து தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில், ஆசிரியர்கள் விளையாட்டு நேரத்தில் மாணவரை விட்டு விலகி நிற்பதையிட்டு மிகவும் வருந்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும் என்பதே அவர் கருத்து. தண்டித்துத் திருத்துவதைவிட உடனிருந்து காப்பதே மேலென்று அவர் கண்டார். முற்றத்தில் ஆசிரியர் இல்லாதபோது அங்கே வலியவனே சட்டமாகிவிடுகிறான்.

பெற்றோரின் பங்கு

பாடசாலை விதைப்பதை வீடு பிடுங்கிவிடலாகாது. தவணை அறிக்கை வந்ததும், "எத்தனையாம் பிள்ளை?" என்பதே நமது முதற் கேள்வியாக இருக்கின்றது. "இன்று தனியே இருந்த பிள்ளை யார்? நீ அவனோடு கதைத்தாயா?" என்றும் கேட்டுப் பாருங்கள். தனியார் வகுப்புக்காக விளையாட்டையும் சாரணர் பயிற்சியையும் முற்றாக நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர் கண்டித்தால், நடந்ததை அறியுமுன் பிள்ளைக்காக வாதாடப் போகாதீர்கள்.

அன்று அந்தத் தாயிடம், கொப்பி கொடுப்பதால் நட்டம் எதுவும் வராது என்று நாம் உறுதி கூறவில்லை. "அம்மா, சோதினை ஒரு நாளில் முடிந்துவிடும். கொடுக்கக் கூடாது என்று இன்று பழகும் கை, நாளைக்கு உங்களுக்கும் கொடுக்கத் தயங்கலாம்" என்று மட்டும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு மகனை நோக்கி, "பொழுதுபடமுந்திக் குடுத்திட்டு ஓடி வா" என்றார்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பிள்ளையின் வகுப்பில் தோழர் இல்லாத பிள்ளை யாரேனும் உண்டா? அப்பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது என்ன?

2. மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு நம் பிள்ளையை எப்போதெல்லாம் கடிந்துகொள்கிறோம்?

3. பிள்ளை செய்த ஓர் இரக்கச் செயலை, அது பெற்ற புள்ளிகளைப் பாராட்டும் அளவுக்கு, நாம் கடைசியாகப் பாராட்டியது எப்போது?