ரௌட்டர் ஏன் நின்றுபோகிறது?

மாணவர்களே! உங்கள் வீட்டு வைஃபை ரௌட்டர் அடிக்கடி நின்று, தானே மீண்டும் இயங்குகிறதா? புதிது வாங்குமுன் காரணத்தைத் தேடுவோம்.

ரௌட்டரும் ஒரு சிறு கணிப்பொறியே. வெப்பம் மிகுந்தாலோ மின்னழுத்தம் குறைந்தாலோ அதன் செயலி தடுமாறி, தொடக்கத்திலிருந்து மறுபடி இயங்கும்.

முதலில் வெப்பம். அலமாரிக்குள் இருக்கும் ரௌட்டரைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வேறெதையும் மாற்றாதீர்கள். மூன்று நாள்கள், அது நிற்கும் நேரங்களைக் குறித்து வாருங்கள்.

மாற்றமில்லையா? அடுத்தது அடாப்டர். இது 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை, பல ரௌட்டர்களுக்குத் தேவையான 12 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. அதிலுள்ள மின்தேக்கி ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டிலேயே இருப்பதால் மின்தேக்கியினுள் உள்ள திரவம் வற்றுகிறது. பலர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்தும்போது ரௌட்டருக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அப்போது மின்னழுத்தம் சரிந்துவிடும்.

அதே வோல்ட், அதே முனை அமைப்பு, குறையாத ஆம்பியர் கொண்ட வேறு அடாப்டரைப் பொருத்திப் பாருங்கள். பழையதைப் பிரிக்காதீர்கள், மின்னிணைப்பை நீக்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். இதிலும் தீராவிட்டால் ரௌட்டரையே ஐயுறலாம்.

இடத்தையும் அடாப்டரையும் ஒரே நாளில் மாற்றினால் கோளாறு தீரலாம், காரணம் தெரியாது. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவதே சோதனை. ஆய்வுக்கூடத்திலும் இதுவே விதி.