ஆறாத காற்புண்ணும் அதற்குரிய மருந்தும்

கீழக்கரையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கடைகளில், மீன் ஏலமிடும் இடங்களில், அடுப்பங்கரைகளில் நாள் முழுதும் நின்றே தொழில் புரிவோர் பலர். இவர்களிற் சிலருக்கு உட்புறக் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் கறுத்துத் தடித்து, அவ்விடத்தே புண் தோன்றி, ஆண்டுக்கணக்கில் ஆறாது நீர் கசியும். நரம்புச் சுருட்டுப் புண் என்பது மக்கள் வழக்கு. எனினும் சுருண்டு புடைத்திருப்பது நரம்பு அன்று. காலின் இரத்தத்தை இருதயத்துக்கு மேலேற்றும் சிரையே அது. கிணற்று பம்பில் புட்வால்வு பழுதுபட்டால் குழாயில் ஏறிய நீர் கீழே இறங்கிவிடுவதை விவசாயிகள் அறிவர். சிரையினுள் உள்ள வால்வுகள் கெடும்போதும் இரத்தம் அவ்வாறே இறங்கித் தேங்குகிறது. அத்தேக்கத்தின் அழுத்தத்தால் தோல் நலிந்து உடைகிறது.

ஆகவே தேக்கத்தை நீக்காமல் களிம்பு மட்டும் தடவுவதால் விளையும் பயன் சிறிதே. துருசு முதலியவற்றைத் தூவுதல் தீங்கே பயக்கும். முதன்மையான சிகிச்சை அழுத்தக் கட்டாகும். காலையில் கால் வீங்குமுன், விரல்களின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, கணுக்காலில் இறுக்கம் மிகுந்தும் மேலே செல்லச் செல்லக் குறைந்தும் இருக்குமாறு பயிற்சி பெற்றோர் கட்டுதல் வேண்டும். படுக்கையில் காலை இருதய மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைப்பதும் நலம்.

நிற்க, மருந்தைப் பற்றிக் கூறுவோம். பென்டாக்ஸிபைலின் என்னும் 400 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு மூன்று வேளை, கட்டுடன் சேர்த்து உட்கொண்டவர்களில் புண் ஆறியோர் மிகுதி என ஆய்வுகள் காட்டியுள்ளன. குமட்டலும் வயிற்றுப்போக்கும் நேரலாம். அண்மையில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கு இம்மாத்திரை ஆகாது. எனவே டாக்டர் எழுதித் தந்தாலன்றி இதனை வாங்கலாகாது. இம்மாத்திரை கட்டுக்குத் துணையே. மாத்திரை கிடைத்ததென்று கட்டை அவிழ்த்துவிடுவோர் ஏமாறுவர். கிருமிக்கொல்லி ஊசியோ, புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், சீழ், காய்ச்சல் ஆகியவை இருந்தாலன்றித் தேவையில்லை. இத்தகைய ஊசிகளுக்கே பலர் வீண் செலவு செய்கின்றனர்.

பழுதுபட்ட சிரையையே மூடிவிடும் சிகிச்சையும் உண்டு. 2018இல் இங்கிலாந்தில் 450 நோயாளிகளைக் கொண்டு வெளியான ஆய்வில், அதனைக் காலந்தாழ்த்தாது செய்துகொண்டோரின் புண் ஆறும் இடைநிலைக் காலம் 56 நாள். தாமதித்தோருக்கோ 82 நாள்.

எச்சரிக்கை ஒன்று. உள்ளங்காலில் வலியின்றி வரும் புண் நீரிழிவினாலோ தொழுநோயினாலோ இருக்கலாம். தமனியில் இரத்த ஓட்டம் குன்றியவருக்கு அழுத்தக் கட்டு காலுக்கே கேடாகும். ஆதலின் காலில் நாடி ஓட்டத்தைச் சோதித்த பின்னரே கட்டுதல் வேண்டும். ஊராட்சிப் பணியில் உள்ளோர் இத்தகைய நோயாளிகளைக் கிராம சுகாதாரச் செவிலியர் வழியே அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022 சனவரி முதல் உள்ளது. புண் ஆறிய பின்னரும் அழுத்தக் காலுறையை விடாது அணிதல் வேண்டும். விட்டவர்களுக்கு அதே இடத்தில் புண் திரும்புவது மிகச் சாதாரணம்.