மைசூரில் பூவும் பறவையும் காண…

● தொட்டியில் ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வையுங்கள். அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில் முட்டையிடும். இலையைத் தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள். அதுவே நாளைய வண்ணத்துப்பூச்சி.

● வேலியோரத்துத் தும்பை, எருக்கு, ஆவாரையைக் களையென்று பிடுங்க வேண்டாம். தும்பையில் தேன் உண்டு. எருக்கும் ஆவாரையும் புழுக்களுக்கு உணவு. உண்ணிச்செடியை மட்டும் வளர்க்காதீர்கள். அது பரவி நம் மண்ணின் செடிகளை நெருக்கிவிடும்.

● மண்தட்டில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள். குருவியும் மைனாவும் வரும், கொசு வளராது.

● காலை நடைக்குக் குக்கரஹள்ளி ஏரி அருமையான இடம். கூழைக்கடா, நீர்க்காகம், நாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். காரஞ்சி ஏரியில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் உண்டு.

● விடுமுறையில் ரங்கனதிட்டு போய்வாருங்கள். பறவையியலாளர் சலீம் அலியின் யோசனையால் 1940இல் பறவைகள் சரணாலயமான இடம் அது. படகில் கூடுகளை நெருங்கும்போது சத்தம் வேண்டாம்.

● காட்டுப்பூவைப் பறிக்காமல் படமெடுங்கள். பறித்த பூ விதையாகாது. விதையில்லாமல் அடுத்த மழைக்குப் பூ இல்லை.