ஹெட் கேஸ்கெட்தான் போயிருக்கிறதா?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் இருக்கிறது. பிளாக்கைச் சுற்றி ஆயில் கசிந்து புழுதி அப்பிக்கொள்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே நான் மாற்றலாமா?
– வாசகர், தேனி

பதில்: மாற்றலாம். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஸ்ப்ளெண்டரின் பிளாக் முன்பக்கம் பார்த்துப் படுத்தவாக்கில் இருக்கிறது. டாப்பெட் மூடியின் ரப்பர் வளையத்திலோ இடப்பக்க வட்ட மூடியிலோ கசிகிற ஆயிலைக் காற்று பின்னே தள்ளிவிடும். பார்ப்பவருக்கு ஹெட் கேஸ்கெட் கசிவதுபோலவே தெரியும். அந்த ரப்பர் வளையத்தை மாற்ற ஹெட்டைத் தொடவே வேண்டாம்.

இன்ஜின் ஆறியதும் டீசலால் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்கள். வண்டியைச் சற்று ஓடவிட்டுப் பார்த்தால் பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் கசிவின் வாய். ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் கிக்கரை உதைக்கும்போது குமிழி வந்தால் சந்தேகமே இல்லை, கேஸ்கெட்தான்.

கேஸ்கெட்டை மாற்றும்போது வீட்டில் செய்பவர்கள் தவறுகிற இடம் டைமிங். இடப்பக்க மூடிகளைக் கழற்றி, மேக்னட்டின் 'டி' குறியும் கேம் பல்சக்கரத்தின் வட்டக் குறியும் தத்தம் அடையாளத்தில் நிற்கும்வரை கையால் சுற்றுங்கள். அப்போது இரண்டு டாப்பெட்டும் லேசாக ஆட வேண்டும். பல்சக்கரத்தைக் கழற்றியதும் செயினைக் கம்பியால் கட்டிவிடுங்கள், உள்ளே விழுந்தால் பெரிய தலைவலி. நான்கு பெரிய நட்டுகளைத் தவிர பக்கவாட்டிலும் சிறிய போல்ட் உண்டு. அதை மறந்துவிட்டு ஹெட்டை ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் முகம் கெட்டுவிடும். மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் போதும். பிளாக் கூடவே எழும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எழும்பினால் அடி கேஸ்கெட்டையும் மாற்றியாக வேண்டும்.

செம்பு வாஷர் எந்த நட்டின் அடியில் இருந்தது என்று குறித்து வையுங்கள். ஆயில் மேலேறும் ஸ்டட்டை அடைப்பது அதுதான். இடம் மாறினால் புது கேஸ்கெட் போட்டும் கசியும்.

பழைய கேஸ்கெட்டை மரச் சில்லால் சுரண்டுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் தூள் போருக்குள் போனால் ரிங் தேயும். நேரான இரும்பு ஸ்கேலை ஹெட்டின் முகத்தில் குறுக்காக வைத்து, 0.05 மி.மீ. பீலர் தகடு அடியில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் லேத் பட்டறைக்குக் கொடுத்துச் சமப்படுத்திய பிறகே மாட்ட வேண்டும். அதைச் செய்யாமல் புது கேஸ்கெட்டை மட்டும் போடுவது காசுக்குக் கேடு. இந்த கேஸ்கெட்டில் அனபாண்ட் பசை தடவாதீர்கள், பிதுங்கி ஆயில் வழியை அடைக்கும்.

நட்டுகளைக் குறுக்கு நெடுக்காக, இரண்டு மூன்று தவணையில், சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். டைமிங் குறிகளை மறுபடி பார்த்து, பிளக் போடாமல் மேக்னட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கிறது. சரியாகச் சுற்றினால் டாப்பெட் இடைவெளி வைத்து மூடலாம்.

டார்க் ரெஞ்ச் இரவலாகவும் கிடைக்காவிட்டால், கைக்கணக்கில் இறுக்க வேண்டாம். ஸ்டட் மரை போய்விட்டால் செலவு பல மடங்காகும். அப்படியானால் வேலையை மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள்.